நோயுற்ற ஆயுள் சிறைவாசியை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? விடுப்பு முதல் முன்விடுதலை வரை முழுமையான வழிகாட்டி

பல குடும்பங்களுக்குச் செய்தி வருவது வழிக்காவலர் (கைதியை வெளியே அழைத்துப் போகும் போலீஸ்காரர்) ஒருவரிடமிருந்துதான். "உங்க வீட்டுக்காரரை ஸ்டான்லியில சேர்த்திருக்கோம், வந்து பாருங்கம்மா" என்று ஒரு போன் வரும். அடித்துப் பிடித்து ஓடினால் கைதிகள் வார்டின் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், போன முறை மனு போட்டுப் பார்த்தபோது நடந்து வந்த மனிதர், பாதியாக இளைத்துப் படுத்திருப்பார். டயாலிசிஸ் என்பார்கள், கல்லீரல் என்பார்கள், புற்றுநோயாக இருக்கலாம் என்பார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சட்ட உதவித் தன்னார்வலராக இப்படிப்பட்ட குடும்பங்களோடு சிறை வாசல்களிலும் மருத்துவமனை வராந்தாக்களிலும் நின்றிருக்கிறேன். நான் பார்த்த மனுக்களில் பல, தாமதத்தால் தோற்றவை. நோய் ஓடுகிற வேகத்துக்குக் கோப்பு ஓடாது. "கொஞ்சம் பார்க்கலாம், சரியாகிவிடும்" என்று மூன்று மாதம் காத்திருந்துவிட்டு, நிலைமை கைமீறிய பிறகு மனு எழுத உட்காருகிறோம். நோய் இன்னதென்று தெரிந்த அன்றே முதல் காகிதம் நகர வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது இதைத்தான்.

இது தமிழ்நாட்டுச் சிறைகளில் தண்டனை அனுபவிக்கும், நீண்ட காலம் உள்ளே கழித்துவிட்ட சிறைவாசிகளின் குடும்பங்களுக்காக எழுதியது. விசாரணைக் கைதிகளுக்கு வழி வேறு. பிணை மனுவில் நோயைக் காரணமாகச் சொல்ல, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவே இடம் தருகிறது. அதை இங்கே விரிக்கவில்லை.

முதலில்: எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"கருணை விடுதலை" என்ற பெயரில் தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. பல கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறப்பவர் வேறு, கிடைப்பதும் வேறு.

நாம் பரோல் என்று சொல்வதைச் சிறைத்துறை "விடுப்பு" என்று சொல்லும். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அது இரண்டு வகை. அவசர விடுப்பு என்பது நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு. சாதாரண விடுப்பு என்பது குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைப் பழுது பார்ப்பது, விதைப்பு, அறுவடை போன்றவற்றுக்கு. அந்தப் பட்டியலின் கடைசியில் "வேறு அசாதாரணக் காரணங்கள்" என்று ஒரு வரி உண்டு. சிறைவாசியின் சொந்த நோய்க்கு நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அதுதான். தகுதி நாட்கள் ஆகவில்லை, போன விடுப்புக்கும் இதற்கும் இடைவெளி போதவில்லை என்று விதி ஏதாவது தடுத்தால், அந்த விதியிலிருந்து விலக்குத் தர அரசுக்கு 40ஆம் விதி அதிகாரம் தருகிறது. மனுவில் "40ஆம் விதியின்படி விலக்களித்து" என்ற சொற்கள் இருக்கட்டும். அந்தச் சொற்கள் இல்லாத மனு சிறை அலுவலக மட்டத்திலேயே "தகுதியில்லை" என்று திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேல்முறையீடு இன்னும் உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால், முதலில் அங்கேயே தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவுதான் புதிய சன்ஹிதாவில் 430. நோயாளிக்கு மாதக் கணக்கில் வெளியே இருக்க இடம் தரும் வழி இது.

முன்விடுதலை என்பது மிச்சத் தண்டனையைக் குறைத்து அனுப்பிவிடுவது. மாநில அரசின் இந்த அதிகாரம் அதே சன்ஹிதாவின் 473ஆம் பிரிவில் (பழைய 432) இருக்கிறது. ஆனால் மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று 475ஆம் பிரிவு (பழைய 433 ஏ) கட்டுப்படுத்துகிறது.

அடுத்தது ஆளுநர். மன்னிக்கவும் தண்டனையைக் குறைக்கவும் அரசியலமைப்பின் 161ஆம் உறுப்பு அவருக்குத் தரும் அதிகாரத்தை இந்த 14 ஆண்டுக் கணக்குக் கட்டுப்படுத்தாது. மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆகவே ஒன்பது ஆண்டு, பதினோரு ஆண்டு முடித்த நிலையில் நோய் முற்றிப்போனவருக்கு நிரந்தர விடுதலை வேண்டும் என்றால் 161தான் வழி. "20 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கூடாது" என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ தீர்ப்பில் எழுதிவிட்ட வழக்குகளிலும் இந்த வழி அடைபடுவதில்லை.

இவற்றில் ஒன்றைத் தட்டிவிட்டு மற்றதற்காகக் காத்திருக்காதீர்கள். விடுப்பு மனுவும் முன்விடுதலை மனுவும் ஒரே வாரத்தில் போகலாம், போகவும் வேண்டும். விடுப்பு சில வாரங்களுக்கு ஆளை வீட்டுக்குக் கொண்டுவரும். அதற்குள் மற்றது நகரட்டும்.

படி 1: மருத்துவக் காகிதம்

எல்லாம் இதில்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறை மருத்துவமனையின் சீட்டு, வெளி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன், பயாப்சி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. கைதி என்பதால் அந்த உரிமை போய்விடாது. கைதிகள் வார்டில் "ஜெயிலில் கேளுங்கள்" என்பார்கள், ஜெயிலில் "ஆஸ்பத்திரியில் கேளுங்கள்" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் மாட்டாமல் இருக்க, சிறைவாசியிடமிருந்து ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: "என் மருத்துவ ஆவணங்களின் நகல்களை என் மனைவியிடம் (அல்லது மகனிடம்) கொடுக்கச் சம்மதிக்கிறேன்." சிறை அலுவலர் சான்றொப்பம் இட்டால் இன்னும் நல்லது. நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை வாங்கிவிட வேண்டும்.

சான்றிதழில் "நோயாளி சிகிச்சையில் உள்ளார், நிலைமை சீராக உள்ளது" என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரி மனுவைக் கொன்றுவிடும். "சீராக" என்று மருத்துவர் எழுதுவது இப்போதைக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றன என்ற பொருளில். கோப்பைப் படிக்கிற அதிகாரிக்கோ அது "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று கேட்கும். மருத்துவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: நோயின் பெயர் என்ன, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குணமாகும் வாய்ப்பு உண்டா, இனி எப்படிப் போகும், தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடிகிறதா, தானாகச் சாப்பிட முடிகிறதா, என்ன சிகிச்சை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேவை, அது சிறை மருத்துவமனையில் கிடைக்குமா. இவை அனைத்துக்கும் பதில் இருக்கும் அரைப் பக்கச் சான்றிதழ், ஐம்பது பக்க ரிப்போர்ட்டைவிட அதிகம் வேலை செய்யும். மருத்துவர்கள் பொதுவாக மறுப்பதில்லை. கேட்கிற விதத்தில் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் முக்கியம். சிகிச்சைக்குக் குறித்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதிக்கு அழைத்துப் போனார்கள், எந்தத் தேதி தவறியது, ஏன் தவறியது. ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் வரவில்லை என்பதால் கீமோ தேதி தவறும், டயாலிசிஸ் தேதி தள்ளும். திருவிழாப் பந்தோபஸ்து, தேர்தல், தலைவர் வருகை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். சிறை நிர்வாகத்தின் வழக்கமான பதில் "தேவையான சிகிச்சை சிறையிலேயே அளிக்கப்படுகிறது" என்பது. அந்தப் பதிலுக்கு எதிராக நம் கையில் இருக்கப் போவது தவறிய தேதிகளின் பட்டியல் மட்டும்தான்.

பட்டியல் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவின் தலைப்பிலேயே "உயிர் சம்பந்தப்பட்ட தகவல், 7(1)ஆம் பிரிவின்படி 48 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும்" என்று எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். சிறைவாசியின் சம்மதக் கடிதத்தை இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "மூன்றாம் நபரின் தகவல்" என்று திருப்பிவிடுவார்கள்.

மனநோய் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு தனியாகப் பொருந்தும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடத்துக்கு மாற்றச் சொல்லி அதன்படி கேட்கலாம்.

படி 2: சிறைக் காகிதம்

தீர்ப்பு நகல், மேல்முறையீடு இருந்தால் அதன் எண்ணும் நிலையும், அப்புறம் நாமினல் ரோல். கடைசியாகச் சொன்னது சிறை அலுவலகம் தரும் கணக்குத் தாள். தண்டனைக் கைதி எண், எந்த நாள் உள்ளே வந்தார், விசாரணைக் காலத்தில் எத்தனை நாள், தண்டனைக் காலத்தில் எத்தனை நாள், ரெமிஷன் (தண்டனைக் குறைப்பாகக் கிடைத்த நாட்கள்) எவ்வளவு, முன்பு எத்தனை முறை விடுப்பில் போய் நேரத்துக்குத் திரும்பினார், சிறைக்குள் தண்டனை ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் வரும். முன்பு விடுப்பில் போய்ச் சரியாகத் திரும்பியிருந்தால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அதைவிடப் பெரிய நன்னடத்தைச் சான்று வேறில்லை.

கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. விடுப்பில் வெளியே இருந்த நாட்கள் "உள்ளே இருந்த" 14 ஆண்டுகளில் சேராது. கோவா தொடர்பான ரோகன் துங்கட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே 14 முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் நாளும் அலுவலகம் நினைக்கும் நாளும் வேறாக இருக்கலாம்.

படி 3: எந்த அரசு, எந்த விலக்கு

தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அரசுதான் முடிவெடுக்க வேண்டும். குற்றம் நடந்த மாநிலம், சிறை இருக்கும் மாநிலம் என்பதெல்லாம் கணக்கில்லை. பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8ஆம் தேதி குஜராத் அரசின் விடுதலை உத்தரவு ரத்தானது இதனால்தான்: தண்டனை விதித்தது மும்பை நீதிமன்றம். ஆகவே ஒருவர் கர்நாடகத்திலோ கேரளத்திலோ தண்டனை பெற்று இங்கே மாற்றலாகி வந்திருந்தால், முன்விடுதலை மனு அந்த மாநிலத்துக்குப் போக வேண்டும்.

சிபிஐ விசாரித்த வழக்கு என்றால் மத்திய அரசின் இசைவு தேவை. "கலந்தாலோசனை" என்று சட்டத்தில் இருந்தாலும் அதற்கு இசைவு என்றே பொருள் என்று 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. போதைப்பொருள் சட்டத்தில் தண்டனைக் குறைப்புக்கே தடை இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் சொந்தமாக மனு எழுத வேண்டாம், வழக்கறிஞரோடு உட்காருங்கள்.

தமிழ்நாட்டில் தலைவர்களின் பிறந்தநாளையொட்டி அரசாணைகள் வரும். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018 பிப்ரவரி 1 தேதியிட்ட 64ஆம் எண் அரசாணை, அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளை ஒட்டி 2021 நவம்பர் 15 தேதியிட்ட 488ஆம் எண் அரசாணை ஆகியவை அப்படி வந்தவை. இவற்றில் எந்தப் பிரிவில் தண்டனை பெற்றவர்களுக்கு இடமில்லை என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் வருகிறார் என்பதால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அரசாணை மூடுவது தன் கதவை மட்டும்தான், 161ஐ அல்ல. நோயுற்றவர்களையும் நீண்ட காலம் இருப்பவர்களையும் பரிசீலிக்க 2021 இறுதியில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆதிநாதன் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையிலிருந்து 49 பேரின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்குப் போயின. இப்படிக் குழுவோ அரசாணையோ வரும்போது சிறைவாசியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று சிறை நல அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தண்டனை பெற்ற நாளில் இருந்த கொள்கைதான் ஒருவருக்குப் பொருந்தும், பிறகு வந்தது இன்னும் சாதகமாக இருந்தால் அதைக் கேட்கலாம். இது ஜகதீஷ் வழக்கில் 2010இல் வந்த தீர்ப்பு. இன்னும் பயனுள்ளது 2025 பிப்ரவரி 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒரு மாநிலத்தில் முன்விடுதலைக் கொள்கை இருந்தால், தகுதி பெற்ற சிறைவாசி மனுக் கொடுக்காவிட்டாலும் அரசே அவரைப் பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். "உங்களிடமிருந்து மனு வரவில்லை" என்ற பதில் இனி செல்லாது. இருந்தாலும் மனுக் கொடுங்கள். அரசு தானாகப் பரிசீலிக்கும் என்று நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

படி 4: மனு எழுதுவது

மனு சிறைவாசியின் பெயரில், சிறைக் கண்காணிப்பாளர் வழியாக, உள்துறைச் செயலாளருக்குப் போக வேண்டும். துறையின் முழுப்பெயர் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை 600 009. நகல் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைமை இயக்குநருக்கும் சரகச் சிறைத்துறை டிஐஜிக்கும். குடும்பத்தின் பெயரில் தனியாக இன்னொரு மனுவைப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். சிறைக்குள்ளிருந்து கிளம்பிய மனு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். உங்கள் கையில் அஞ்சல் ரசீது இருந்தால் கேட்க ஒரு தேதி இருக்கும்.

நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"நான் (தண்டனைக் கைதி எண்), (நாள்) முதல் (சிறை) மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறேன். இன்றுவரை … ஆண்டு … மாதம் முடித்துள்ளேன். இதற்கு முன் … முறை விடுப்பில் சென்று உரிய நேரத்தில் திரும்பியுள்ளேன். (நாள்) அன்று (மருத்துவமனை) மருத்துவர்கள் எனக்கு (நோய், கட்டம்) இருப்பதாக உறுதி செய்தனர். எனக்கு (சிகிச்சை) … நாட்களுக்கு ஒருமுறை தேவை. (நாட்கள்) ஆகிய தேதிகளில் வழிக்காவல் கிடைக்காததால் சிகிச்சை தவறியது. நான் இப்போது பிறர் உதவியின்றி எழுந்து நடக்க இயலாத நிலையில் உள்ளேன். என்னை (உறவு, முகவரி) பராமரிக்கச் சம்மதித்துள்ளார். எனவே 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின் 40ஆம் விதியின்படி விலக்களித்து எனக்கு … நாள் சாதாரண விடுப்பு வழங்கவும், அரசியலமைப்பின் 161ஆம் உறுப்பின்படி என் முன்விடுதலையைப் பரிசீலிக்கவும் வேண்டுகிறேன்."

வழக்கில் நான் நிரபராதி, என்னைச் சிக்கவைத்தார்கள் என்று இந்த மனுவில் வாதாட வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் அதற்கான இடம் மேல்முறையீடு. இங்கே அந்தப் பத்தியைப் படிக்கும் அதிகாரியின் கண் நோயிலிருந்து வழக்குக்குப் போய்விடும்.

லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முன்விடுதலைக்குப் பார்க்க வேண்டியவை என்று ஐந்தைச் சொன்னது. அவற்றில் இரண்டு நம் மனுவின் உயிர்: குற்றம் செய்யும் திறனை இழந்துவிட்டாரா, இனியும் உள்ளே வைப்பதால் பயன் உண்டா. படுக்கையில் இருப்பவரைப் பற்றி இந்த இரண்டுக்கும் மருத்துவச் சான்றே பதில் சொல்லும். மனுவில் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 5: போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலரும்

மனு போனதும் ஊர் காவல் நிலையத்திலிருந்தும் நன்னடத்தை அலுவலரிடமிருந்தும் அறிக்கை கேட்பார்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். படுக்க இடம் இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார்கள், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனை, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார். அவர் வருகிற அன்று பராமரிக்கப் போகிறவர் வீட்டில் இருக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு "நாளைக்கு வாங்க சார்" என்றால் அறிக்கை இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

காவல் நிலைய அறிக்கை பெரும்பாலும் "விடுவித்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும், எதிர்த்தரப்பால் ஆபத்து" என்று வரும். கொலை வழக்குகளில் இது ஏறக்குறைய அச்சடித்த வாசகம். இதற்கு முன்கூட்டியே ஒரு மாற்று வைத்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்த ஊரை விட்டு வேறு ஊரில், தங்கை வீட்டிலோ மகள் வீட்டிலோ, ஒரு முகவரி. இரண்டு ஜாமீன்தாரர்களின் பெயரும் ஆதார் நகலும். இறந்தவரின் குடும்பத்தாரிடம் நீங்களாகப் போய்ச் சம்மதம் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுடைய துக்கமும் துக்கம்தான். நம் வீட்டு வேதனையை அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைப்பது நியாயமில்லை, அது மிரட்டலாகவும் எடுத்துக்கொள்ளப்படும். அவர்கள் தாமாக ஆட்சேபணை இல்லை என்று சொன்னால் அது வேறு.

படி 6: பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம்

ஆபத்தான நிலை என்றால் பதினைந்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மதுரை, திருச்சி, பாளையங்கோட்டை சிறைகள் என்றால் மதுரைக் கிளை. புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை என்றால் சென்னை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நிற்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு காவலில் இருக்கும் எவருக்கும் இலவசச் சட்ட உதவி தருகிறது. அதற்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. உதவி எண் 15100. ஒவ்வொரு மத்திய சிறைக்குள்ளும் சட்ட உதவி மையம் இருக்கிறது. முதியவர்களும் தீரா நோயாளிகளுமான சிறைவாசிகளுக்காகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2024 டிசம்பர் 10 அன்று தனி இயக்கமே தொடங்கியது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மனுவில் என்ன வேண்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டால், "எட்டு வாரத்தில் பரிசீலிக்கவும்" என்று உத்தரவு வரும். எட்டாவது வாரத்தின் கடைசி நாளில் நிராகரிப்பு வரும். நோயாளிக்கு எட்டு வாரம் என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேளுங்கள்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவக் குழு பரிசோதித்து அறிக்கை தர வேண்டும், வழக்கு முடியும்வரை இடைக்கால விடுப்பு வேண்டும், அதுவரை குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் உடனிருக்க அனுமதி வேண்டும். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. முதல் இரண்டும் கிடைக்காமல் போனாலும் அது கிடைக்கலாம்.

அரசு அமைச்சரவை பரிந்துரைத்து, கோப்பு ஆளுநரிடம் கிடக்கிறது என்றால் பேரறிவாளன் தீர்ப்பு கையில் இருக்கட்டும். அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பர் 9. கோப்பு ஆளுநர் மாளிகையில் இரண்டாண்டுக்கு மேல் கிடந்து, பிறகு குடியரசுத் தலைவருக்குத் திருப்பப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 142ஆம் உறுப்பின்படி அவரை விடுவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய தாயார் அற்புதம்மாள் மகனின் உடல்நிலையைச் சொல்லி மனுக் கொடுத்ததும், 30 நாளுக்குத் தந்த விடுப்பு மாதாமாதம் நீட்டிக்கப்பட்டதும் நமக்குப் பாடம். முதல் விடுப்பு முடியும் வரை காத்திருக்காமல், பாதி நாளிலேயே புதிய மருத்துவச் சான்றோடு நீட்டிப்பு மனுப் போட வேண்டும்.

வெளிநாட்டவர், குறிப்பாக இலங்கைத் தமிழர் என்றால்

சிறை உத்தரவோடு வேலை முடியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்த ஆறு பேரில் ஒருவரான சாந்தன், இலங்கைக் குடிமகன் என்பதால் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். கல்லீரல் பழுதாகி, ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாடு திரும்பும் அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். அவருடைய உடல்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. விடுதலை மனு போடும் அன்றே துணைத் தூதரகத்துக்குப் பயண ஆவணம் கேட்டும், வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு வெளியேறும் அனுமதி கேட்டும் தனித்தனிக் கடிதம் போக வேண்டும். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வைத்தால் உடம்பு தாங்காது.

படி 7: உத்தரவு வந்த பிறகு

உத்தரவை முழுதாகப் படியுங்கள். எந்த முகவரி, வழிக்காவலோடா இல்லாமலா, வழிக்காவல் செலவு யாருடையது, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்குக் கையெழுத்து, திரும்ப வேண்டிய நாளும் நேரமும். திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரம் பிந்தினாலும் அடுத்த விடுப்புக்கு அது தடையாகும். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால், சேர்த்த அன்றே சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுமதிச் சீட்டின் நகலோடு தகவல் அனுப்புங்கள்.

வருவதற்கு முன்பே வீட்டில் சில வேலைகள் உண்டு. சிறை மருத்துவமனையில் கொடுத்த மருந்து அதிகம் போனால் ஒரு வாரத்துக்கு இருக்கும். அதற்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் புதுச் சீட்டு போட்டாக வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டு உள்ளே இருந்தவரின் பெயரை நீக்கியிருப்பார்கள். படுக்கையிலேயே இருப்பவர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிடுங்கள். வலி தணிப்புச் சிகிச்சைக்கான செவிலியர் வீட்டுக்கே வருவார். புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. எந்த மருத்துவமனையில் தருகிறார்கள், என்ன சீட்டு வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். சனிக்கிழமை இரவு வலி வந்த பிறகு தேடினால் திங்கள் வரை கிடைக்காது.

தினமும் நிலையத்தில் கையெழுத்து என்று உத்தரவில் இருந்து, அவரால் எழுந்திருக்க முடியாவிட்டால், ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி, உத்தரவு போட்டவரிடமே மருத்துவச் சான்றோடு மனுக் கொடுங்கள். அந்த உத்தரவு வரும்வரை நிலைய ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டு, ஒரு காவலரை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பல நிலையங்களில் செய்கிறார்கள். வருகிற காவலருக்குத் தெரிகிற மாதிரி, கட்டிலுக்கு மேலே சுவரில் உத்தரவின் நகலையும் செவிலியரின் போன் நம்பரையும் ஒட்டி வையுங்கள்.